மரகதப் பட்டைக்குள் இரண்டு நிறங்கள்

வண்ணத்துப்பூச்சியின் மினுமினுப்பு என்றாலே தென்னமெரிக்க மார்ஃபோவின் நீலத்தைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் நீலம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலைப்பாடு என்று வந்துவிட்டால் என் மனம் போவது மலேசிய, இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் காடுகளில் திரியும் பப்பிலியோ பாலினூரஸிடம்தான். கருமையின்மேல் பச்சைப்பொடி தூவியது போன்ற இறக்கைகள்; அவற்றின் குறுக்கே பளீரென்று ஒரு மரகதப் பட்டை.

அந்தப் பட்டையிலிருந்து ஒரு செதிலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பச்சையையே காணோம்! மஞ்சள் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டையும் சுற்றி ஒரு நீல வளையம். அவ்வளவுதான்.

செதிலின் மேற்பரப்பு முழுவதும் குட்டிக் குட்டிக் குழிகள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு குழிகளை வரிசையாக அடுக்கிவிடலாம், அத்தனை சிறியவை. குழியின் சுவரில் கைட்டின் ஏடும் காற்றும் மாறி மாறிப் படிந்திருக்கின்றன. ஒவ்வோர் ஏட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் ஒன்றோடொன்று இசைபவை வலுக்கின்றன, இசையாதவை அடங்கிப்போகின்றன. குழியின் அடியில் ஒளி நேராக விழுவதால் அங்கே வலுப்பது மஞ்சள். சரிந்த பக்கங்களிலும் இருப்பவை அதே ஏடுகள், அதே இடைவெளிதான். ஆனால் ஒளி சாய்ந்து விழுவதால் அங்கே வலுப்பது நீலம். அந்த நீலம் எதிர்ச்சுவரிலும் ஒருமுறை மோதி, வந்த வழியே திரும்புகிறது. பொட்டையும் வளையத்தையும் நம் கண்ணால் பிரித்தறிய முடியாது. இரண்டும் கலந்து பச்சையாகத் தெரிகின்றன. காஞ்சிபுரத்து நெசவாளர் பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் கொடுத்து மயில்கழுத்துப் பட்டு நெய்வதும் இதே உத்திதான்.

2000-ஆம் ஆண்டில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வுகுசிச்சும் உடன் ஆய்ந்தவர்களும் பாலினூரஸ் செதிலின் இந்த அமைப்பை நேச்சர் இதழில் விளக்கினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே திசையில் அதிரும் ஒளியலைகளை மட்டும் விடும் முனைவாக்கிகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றின் வழியே செதிலைப் பார்ப்பது. ஒரே முறை பட்டுத் திரும்பிய மஞ்சள் அப்படியே மறைந்துவிடும். இருமுறை மோதியதில் அலையின் அதிர்வுத் திசை திரும்பிய நீலம் மட்டும் தப்பி வரும். பச்சையைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காட்ட இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை.

ஏடுகளின் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருந்தாலே நேரடியாகப் பச்சை கிடைத்திருக்கும். ஆனாலும் இந்தச் சுற்றுவழிப் பச்சைக்கு இருக்கும் ஆழம் அதற்கு வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

பாலினூரஸின் நெருங்கிய உறவான பப்பிலியோ கிரினோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. முதிரை மரத்து இலைகளில் வளரும் பூச்சி அது. கண்ணில் பட்டால் நேராக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்தும் பாருங்கள். பச்சைப் பட்டை நீலத்தை நோக்கி நகரும்.