ஹபிளின் இசைக்கவை: அழகான படம், வில்லங்கமான பெயர்கள்

கேலக்ஸிகளைப் பற்றின எந்த அறிமுகப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு படம் கண்டிப்பா இருக்கும். இடது பக்கம் உருண்டையா ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நசுங்கிக்கிட்டே வந்து, ஒரு இடத்தில் ரெண்டாப் பிரியும். மேல் கிளையில் சாதாரண சுருள் கேலக்ஸிகள், கீழ்க் கிளையில் நடுவே பட்டை போட்ட சுருள்கள். பள்ளிக்கூட ஆய்வகத்து இசைக்கவையைப் படுக்க வெச்ச மாதிரி. எட்வின் ஹபிள் இந்த வகைகளை 1926-ல் வெளியிட்டார். படம் 1936-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கு. தொண்ணூறு வருஷமா அதே படம்தான் ஓடிக்கிட்டிருக்கு. அது என்ன சொல்லுது, எதைத் தப்பாச் சொல்ல வைக்குதுன்னு கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

முதல்ல பெருமையைச் சொல்லிடணும். 1920-களின் தொடக்கத்தில், வானத்தில் தெரியும் இந்த மங்கலான திட்டுகள் நம்ம பால்வீதிக்குள்ளேயே இருக்கா, வெளியே இருக்கா என்பதே தீராத சண்டை. ஹென்ரியெட்டா லீவிட் 1912-ல் காட்டின ஒரு விதி இருந்தது: சீஃபீட் வகை நட்சத்திரம் எவ்வளவு மெதுவா துடிக்குதோ, அவ்வளவு பிரகாசம். 1923-ல் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சார். துடிப்பின் காலத்திலிருந்து உண்மைப் பிரகாசம், அதிலிருந்து தூரம். ஆண்ட்ரோமெடா நம்ம பால்வீதிக்கு ரொம்ப வெளியே! சண்டை முடிஞ்சது. அடுத்த மூணு வருஷத்துக்குள்ள, சுமார் 400 கேலக்ஸிகளின் புகைப்படங்களை வெச்சு ஒரு வகைப்பாட்டையும் கொடுத்துட்டார். சாதாரண சாதனை இல்லை.

இப்போ குறைகளுக்கு வருவோம்.

நீள்வட்டக் கேலக்ஸிகளுக்கு ஹபிள் வெச்ச சூத்திரம் எளிமையானது. குறுகிய அச்சை நீண்ட அச்சால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிச்சு, பத்தால் பெருக்கணும். நீளம் 10, அகலம் 6 என்றால் விடை 4. அது இ4 வகை. முழு வட்டமாத் தெரிஞ்சா இ0. ரொம்ப நசுங்கினது இ7. சிக்கல் என்னன்னா, இது கேலக்ஸியின் அளவு இல்லை, நாம நிற்கிற இடத்தின் அளவு. இட்லியை மேலே இருந்து பார்த்தா வட்டம், பக்கவாட்டில் பார்த்தா நசுங்கல். ஒரே இட்லிக்கு ரெண்டு வகைப்பெயர் கொடுப்போமா? சுத்தி வந்து பார்க்க நமக்கு வழி இல்லாததால், இ0 என்று எழுதினதெல்லாம் உண்மையிலேயே உருண்டைன்னு நினைக்க முடியாது.

2011-ல் வந்த அட்லஸ்3டி ஆய்வு இதை நல்லா உடைச்சுக் காட்டுச்சு. அருகில் உள்ள 260 கேலக்ஸிகளை எடுத்து, வடிவத்தை மட்டும் பார்க்காம, உள்ளே நட்சத்திரங்கள் எப்படி ஓடுதுன்னு நிறமாலையை வெச்சு அளந்தாங்க. கண்ணுக்கு நீள்வட்டம்னு தோன்றினதில் மூணில் ரெண்டு பங்கு, தட்டு மாதிரி ஒழுங்கா வேகமாச் சுழலுற ஜாதி! உண்மையிலேயே மெதுவாச் சுழலுறது மொத்தத்தில் 14 சதவீதம்தான். அதாவது படத்தின் கைப்பிடியில் உட்கார்ந்திருக்கிற பல பேர் கிளைக்காரங்களின் சொந்தக்காரங்க.

ரெண்டாவது, பெயர். இடது பக்கம் இருப்பதை 'முந்தைய' வகை, வலது பக்கம் இருப்பதை 'பிந்தைய' வகைன்னு இன்னைக்கும் சொல்றாங்க. ஜேம்ஸ் ஜீன்ஸின் பரிணாமக் கோட்பாட்டோடு தன் வரிசை ஒத்துப்போவதை ஹபிளே குறிப்பிட்டார். ஆனா வகைப்பாடு அதை நம்பி நிற்கலைன்னும், அந்தச் சொற்களுக்குக் காலப் பொருள் எடுக்காதீங்கன்னும் எச்சரிச்சார். மென்பொருள் எழுதுறவங்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. வேரியபிளுக்குத் தப்பான பெயரை வெச்சுட்டு, பக்கத்தில் கமெண்ட் எழுதி வெச்சா, பெயரைத்தான் படிப்பாங்க, கமெண்டை யாரும் படிக்க மாட்டாங்க.

நிஜத்தில் போக்கு பெரும்பாலும் எதிர்ப்பக்கம். 1972-ல் டூம்ரே சகோதரர்கள் கணினியில் கேலக்ஸிகளை மோதவிட்டு, ஈர்ப்பு விசையே நீளமான வால்களை இழுத்துவிடும்னு காட்டினாங்க. ரெண்டு சுருள்கள் மோதிக் கலந்தா, ஒழுங்கான சுழற்சி குலைஞ்சு நீள்வட்டம் உருவாகலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுத்தது. 'பிந்தையது' முதலில், 'முந்தையது' பிறகு!

மூணாவது கொஞ்சம் நுட்பமானது. சுருள்களில் ஹபிள் ரெண்டு அடையாளத்தை ஒண்ணாக் கட்டினார்: நடுவே இருக்கிற புடைப்பின் அளவு, கைகள் எவ்வளவு இறுக்கமாச் சுற்றியிருக்கு என்பது. பெரிய புடைப்பு, இறுக்கமான கை என்றால் எஸ்ஏ. சின்னப் புடைப்பு, தளர்ந்த கை என்றால் எஸ்சி. 2007-ல் தொடங்கின கேலக்ஸி ஜூ திட்டத்தில் சாதாரண மக்கள் லட்சக்கணக்கான படங்களை வகைப்படுத்தினாங்க. அவங்க பதில்களை வெச்சு 2019-ல் செய்த ஆய்வில், புடைப்புக்கும் கைக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பே தென்படலை. ஒரு எழுத்து ரெண்டு தகவலைச் சுமக்குது. ரெண்டும் ஒத்துப்போகாதபோது எதைப் பார்த்து வகை போடுறது?

சரி, மனுசக் கண்ணை விட்டுட்டு எண்ணுக்குப் போகலாமே? போயிருக்காங்க. மையத்திலிருந்து வெளியே போகப் போக வெளிச்சம் எப்படிக் குறையுது என்பதை செர்சிக் எண் சொல்லும்: தட்டு வடிவத்துக்கு 1 பக்கம், பெரிய நீள்வட்டங்களுக்கு 4 பக்கம். நிறம் இன்னொண்ணு: புது நட்சத்திரம் பிறந்தா நீலம், நின்னுபோனா சிவப்பு. ஆனா சிவப்புச் சுருள்களும் இருக்கு, நீல நீள்வட்டங்களும் இருக்கு. ஒரு எண் தனியா நின்னு தீர்ப்பு சொல்லாது.

இது பழைய படத்தோடு முடியுற விஷயமும் இல்லை. கேலக்ஸி ஜூவில் மக்கள் இடஞ்சுழிச் சுருள்களை அதிகமாக் குறிச்சாங்க. அதே படங்களைக் கண்ணாடியில் புரட்டிக் காட்டினாங்க. அப்பவும் இடஞ்சுழிதான் அதிகம்! சாய்வு வானத்தில் இல்லை, பார்க்கிற மூளையில். இன்னைக்கு இப்படிப்பட்ட பதில்களை வெச்சுத்தான் நியூரல் நெட்வொர்க்குகளுக்குப் பாடம் நடத்துறாங்க. சோதிக்காம விட்டா, நம்ம கண்ணின் சாய்வை மெஷினும் கத்துக்கும், அதுவும் ரொம்ப நம்பிக்கையோட.

அப்போ இசைக்கவையைத் தூக்கிப் போடணுமா? வேண்டாம். நூலகத்தில் புத்தகத்தை எந்த அலமாரியில் தேடணும்னு சொல்ற எண் மாதிரி அது இன்னும் வேலை செய்யுது. அதை வம்சாவளிப் படமா மாணவர்கள் முன்னாடி வைக்கிறதைத்தான் நிறுத்தணும். படத்துக்குக் கீழே ரெண்டு வரி போதும்: இது 1920-களில் புகைப்படத் தட்டில் தெரிஞ்ச உருவம், இடமிருந்து வலம் போவது காலம் இல்லை. அந்த ரெண்டு வரி இருக்கிற பாடப்புத்தகம் உங்க கண்ணில் பட்டா, எனக்கும் சொல்லுங்க.