சிறுதட்டில் உலகம்: கண்டி நகரச் சிற்றுண்டி மரபு பற்றிய ஒரு நோக்கு

கவிதையையும் கூத்தையும் திறனாய்வு செய்வோர் சாப்பாட்டு மேசையைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது அரிது. உண்பது உடலின் தேவை, கலை உள்ளத்தின் தேவை என்ற பழைய பாகுபாடே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும், எதனை உண்பது, யாருடன் அமர்ந்து உண்பது, எவ்வொழுங்கில் உண்பது என்பன ஒரு சமுதாயத்தின் உள்ளுறவுகளை ஒளிவுமறைவின்றிக் காட்டுவன. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் ஆலயப் பிரவேசத்தோடு தேநீர்க்கடைப் பிரவேசமும் போராட்டத்திற்குரிய பொருளாயிற்று. ஒரு குவளைத் தேநீரின் பின்னே ஒரு சமுதாய அமைப்பே நின்றது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்நோக்கில் கண்டி நகரின் இன்றைய உணவகப் பண்பாடு கவனத்திற்குரியது. காலை முதல் இரவு வரை திறந்திருந்து, பல நாட்டுச் சுவைகளைச் சிறுசிறு தட்டுகளாகப் பரிமாறும் உணவகங்கள் நகரங்களில் நாகரிகமாகி வருகின்றன. பலர் கூடிப் பகிர்ந்துண்ணும் இம்முறை புதுமையென்றே அறிமுகப்படுத்தப்படுகின்றது. ஆனால் இலங்கையருக்கு இஃது உண்மையிற் புதியதா என்பதே முதல் வினா.

'சோர்ட் ஈட்ஸ்' என வழங்கும் சிற்றுண்டித் தட்டினை அறியாதார் இங்கில்லை. மேசையில் அமர்ந்ததும் கேளாமலே ஒரு தட்டு வந்துசேரும். அதில் றோல், கட்லற், பற்றிஸ், மீன் பணிஸ், வடை எனப் பலவும் இருக்கும். உண்டதற்கு மட்டுமே காசு; எஞ்சியது தட்டோடு திரும்பிச் செல்லும். அத்தட்டினைக் கூர்ந்து நோக்கின் உலக வரலாற்றின் சுருக்கம் அதில் தெரியும். கட்லற் என்னும் பெயர், விலா எலும்புத் துண்டினைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. இங்கோ அதனுள் எலும்பு இல்லை, ரின் மீனும் உருளைக்கிழங்குமே உள. சீனப் பெயர் தாங்கிய றோல் பாண் தூளிற் புரட்டிப் பொரிக்கப்படுகின்றது. பாண் என்ற சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பற்றிஸ் ஆங்கிலப் பெயரோடு நிற்க, அதனருகே வடை தன் தமிழ்ப் பெயரை இழக்காது இருக்கின்றது. இவற்றை அந்நிய மோகமெனக் கண்டிக்கும் மரபுவாதிகள், அந்நியத்தைத் தன்வயமாக்கிக்கொண்ட மக்களின் ஆற்றலைக் காணத் தவறுகின்றனர்.

பழைய தட்டுக்கும் புதிய தட்டுக்குமுள்ள வேறுபாடு சுவையிலன்று, உருவத்திலேயே உள்ளது. பழைய தட்டு உண்பவனின் நேர்மையை நம்பி முன்வைக்கப்படுவது. கணக்குப் பின்னரே வரும். சட்டைப்பையில் ஒரு வடைக்கு மட்டுமே காசுள்ளவனும், நான்கு றோல் உண்ண வல்லவனும் ஒரே தட்டின்முன் சமமாக அமரலாம். புதிய தட்டிலோ அளவும் விலையும் முன்னரே தீர்க்கப்பட்டுள்ளன. பகிர்ந்துண்ணல் என்பது அதன் கோட்பாடாயினும், அப்பகிர்வு ஒரே வருவாய் மட்டத்தினரிடையே நிகழும் பகிர்வாகவே பெரும்பாலும் முடிகின்றது. தட்டுச் சிறுத்த அளவிற்கு விலை சிறுப்பதில்லை.

எனினும் பழமையை முற்றாகப் போற்றுவதும் நேர்மையாகாது. ஒரு மேசையிற் பலர் பார்வைபட்டு, கைபட்டும் இருக்கக்கூடிய பண்டம் மறுமேசைக்குச் செல்வது சுகாதாரத்திற்கு உகந்ததன்று. அதனினும் முக்கியமானது, பழைய தேநீர்க்கடை பெரிதும் ஆண்களின் இடமாகவே இருந்தமை. மாணவியர் இருவர் நெடுநேரம் அமர்ந்து தடையின்றி உரையாடக்கூடிய இடத்தினைப் புதிய உணவகம் தந்துள்ளதாயின், அதனை வெறும் ஆடம்பரமெனத் தள்ளிவிடல் இயலாது.

ஆயினும் 'உலகம்' எனும் சொல்லினை இவ்வுணவகங்கள் எவ்வாறு பொருள்கொள்கின்றன என்ற வினா எஞ்சுகின்றது. இதற்கு விடை நகரினின்றும் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹந்தானைச் சரிவில் கிடைக்கின்றது. 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இயங்குகின்றது. கீழே பழைய இயந்திரங்கள். மேல்மாடியில் மலைகளை நோக்கியபடி தேநீர் அருந்தும் உணவகம். 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர் அங்கு நினைவுகூரப்படுகின்றார். அவர் பெயர் நிலைத்தது. கொழுந்து பறித்த கைகளுக்குப் பெயரில்லை.

அக்கைகள் சமைத்த உணவு யாது? கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிய றொட்டியும், இடித்த சம்பலுமே. விடியுமுன் லயத்து அடுப்பிற் சுட்டு, பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் உருவான உணவு அது. அதனைச் 'சுவையின் எளிமை' என வியப்பது வறுமையை அலங்காரமாக்குவதாகும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியது 2021 இலேதான். அடுத்த ஆண்டே நாட்டினை உலுக்கிய பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்காயிற்று. நகரத்துப் பற்றிசும் லயத்து றொட்டியும் இறக்குமதிக் கோதுமையில் பிறந்த உடன்பிறப்புக்களே. ஆயின் விலையேற்றத்தின்போது ஒன்று மெனுவில் எண் மாறியது. மற்றையது அளவிற் குறைந்தது.

தூர நாடுகளின் தெருவுணவு உயர்ந்த விலையில் மேசைக்கு வரும்போது, கண்முன்னே நிற்கும் மலையின் உணவு பெயரின்றி நிற்பது தற்செயலன்று. தூரத்து ஏழ்மை சுவையாகின்றது. அண்மைய ஏழ்மை சங்கடமாகின்றது. தட்டினைச் சுமந்துவரும் இளைஞர்களுள் தோட்டங்களிலிருந்து வேலைதேடி வந்தோரும் உளர் என்பதனையும் இங்கு மறத்தலாகாது.

ஆகவே, ஓர் உணவகத்தின் உலகளாவிய தன்மையை அதன் மெனுவிலுள்ள நாடுகளின் எண்ணிக்கை கொண்டு அளத்தல் போதாது. ஹந்தானையிலிருந்து இறங்கிவரும் ஒரு தொழிலாளி, தம் பிள்ளையோடு கூச்சமின்றி அம்மேசையில் அமர்ந்து, விலைகேட்டுத் தயங்காது ஒரு தட்டினைக் கேட்க இயலுமா என்பதே தகுந்த அளவுகோலாகும். பழைய சிற்றுண்டித் தட்டு குறைபாடுகள் பலவற்றோடும் இவ்வளவுகோலின் அருகே நின்றது. புதிய தட்டு அதன் சுத்தத்தையும் பெண்களுக்குத் தந்த இடத்தையும் கைவிடாது, அந்த அளவுகோலையும் எட்டுமாயின், அன்று அது உலகின் தட்டு என்னும் பெயருக்கு உரியதாகும்.