உடைகிற பியானோவுக்கு எங்கே மைக் வைப்பது?

பியானோவுக்குள் இரவும் பகலும் ஓர் இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. 88 கட்டைகளுக்குச் சுமார் 230 எஃகுக் கம்பிகள். ஒவ்வொன்றும் எழுபது, எண்பது கிலோ இழுவிசையில் முறுக்கேறி நிற்கும். மொத்தம் 15 முதல் 20 டன். அதைத் தாங்கத்தான் உள்ளே அத்தனை கனமான வார்ப்பிரும்புச் சட்டம். முப்பது வருடமாக யாரும் தொடாமல் மூலையில் கிடக்கிற பியானோவிலும் இந்த இழுப்பு முழுக்க விட்டுப்போவதில்லை. அதனால்தான் பியானோ சத்தம் போட்டுச் சாகிறது.

ஆர்மோனியத்துக்கு அந்த யோகம் இல்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தெருக்கூத்துகளில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெட்டியின் முதுமை தெரியும். துருத்தியில் பொத்தல் விழும். ஒரு ரீடு ஊமையாகும், இன்னொன்று கையை எடுத்த பிறகும் ஊளையிடும். கடைசியில் வெறும் காற்று மட்டும் புஸ்ஸென்று போகும். வாசிப்பவர் அடித்துக் கொடுத்த காற்றைத் தவிர அதற்குள் சொந்த விசை எதுவும் கிடையாது. பியானோ விஷயம் வேறு. அதைச் செய்தவர் ஏற்றிவிட்ட விசை அவர் போன பிறகும் உள்ளேயே இருக்கிறது. அது வெளியே வரும் தருணத்தை ஒலிப்பதிவு செய்வது ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. கேட்கக் கேட்கப் பிடிபடுகிற கலை. ஆனால் அதில் பாதி வெறும் வேடிக்கை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேடிக்கையில் முதல் வகை கோடரி. 1962இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில், ஃப்ளக்ஸஸ் என்ற கலை இயக்கத்தினர் பிலிப் கார்னரின் ‘பியானோ ஆக்டிவிட்டீஸ்’ என்ற படைப்பை நிகழ்த்துகிறோம் என்று ஒரு பியானோவை அறுத்தும் அடித்தும் பிரித்தார்கள். 1966இல் லண்டனில் நடந்த அழிப்புக் கலைக் கருத்தரங்கில் ரஃபேல் ஒர்த்தீஸ் என்ற கலைஞர் கோடரியால் ஒன்றை வெட்டித் தள்ளினார். சரித்திரத்தில் இவற்றுக்கு இடம் உண்டு. என் காதில் இடம் இல்லை. இந்த வகைப் பதிவுகளில் நமக்குக் கேட்பது பெரும்பாலும் கோடரிதான். பியானோ வாய் திறப்பதற்குள் அடுத்த வெட்டு விழுந்துவிடுகிறது.

நெருப்பு இதைவிட மேல். நியூசிலாந்தில் 1939இல் பிறந்த இசையமைப்பாளர் ஆன்னியா லாக்வுட் 1968இல் லண்டனில் ஒரு பியானோவைக் கொளுத்தினார். ரிச்சர்ட் ஆல்ஸ்டனின் ‘ஹீட்’ என்ற நடனத்துக்கு நெருப்பின் ஓசை தேவைப்பட்டது. அதற்காக மைக்குகளைக் கல்நாரில் சுற்றி பியானோவுக்குள்ளேயே வைத்தார். இனி எந்தக் கைராசிக்காரராலும் சரிசெய்ய முடியாத பியானோவைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டார். அந்த விதிக்காகவே அவர்மீது எனக்கு மரியாதை. சூட்டில் கம்பிகள் ஒவ்வொன்றாக, தமக்குத் தோன்றிய நேரத்தில் தெறிக்கின்றன. அடுத்து எது, எப்போது என்று கொளுத்தியவருக்கும் தெரியாது. ஆனால் எரியும் பியானோ பார்க்க அவ்வளவு அழகு. காதுக்காகத் தொடங்கியது கண்காட்சியாகவே நிலைத்துவிட்டது. ஜப்பானின் ஜாஸ் பியானோ கலைஞர் யோசுகே யமஷிதா 1973இலும், மறுபடி 2008இல் இஷிகாவா கடற்கரையிலும், எரிகிற பியானோவை வாசித்தார். இரண்டாம் முறை தீயணைப்பு வீரர் உடுப்போடு. அங்கேயும் நாம் பார்ப்பது அவருடைய நெஞ்சுரத்தை.

செஞ்சி, விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு அழிப்பை நடுவில் வைத்த கலை புதிதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து என்று நடந்து, கடைசி நாள் காலையில் படுகளம். ஊரே மண் குழைத்துப் பல அடி நீளத்துக்குப் படுக்கவைத்த துரியோதனனை அன்றைக்கே தொடையில் அடித்துக் கொல்வார்கள். பம்பை முழங்கும், ஒப்பாரி எழும், மாலையில் தீமிதி. அந்த உருவத்தை யாரும் அவசரமாக உடைப்பதில்லை. சாகிறவன் யார், ஏன் சாகிறான் என்று பல இரவுகள் கதை கேட்ட பிறகே அடி விழுகிறது. ஒர்த்தீஸின் கோடரியில் நான் தேடிக் கிடைக்காதது இந்த நிதானம்தான்.

அந்த நிதானம் எனக்குக் கிடைத்தது ஆஸ்திரேலியாவின் ராஸ் பொலெட்டரிடம். அவர் பியானோவை உடைப்பதில்லை. ஆட்டுப் பண்ணைக் கொட்டகையிலும் வெட்டவெளியிலும் வெயிலும் மழையும் தின்றுவிட்டுப்போன பியானோக்களைத் தேடிப்போய் வாசிக்கிறார், பதிவு செய்கிறார். மனிதன் அடித்துச் சிதைத்தது வேறு, பருவங்கள் சிதைத்தது வேறு என்று கறாராகப் பிரிக்கிறார். அவருடைய ‘சீக்ரெட் சாண்ட்ஹில்ஸ்’ பதிவை இரவில், ஹெட்போனில் கேளுங்கள். ஒரு கட்டையை அழுத்தினால் சுரம் வராது. மரம் மரத்தில் மோதும் ‘டொக்’ மட்டும் வரும். அடுத்த கட்டையில் ஒரே சுரத்துக்கான மூன்று கம்பிகளும் மூன்று திசையில் போயிருக்கும். எந்தப் பட்டறையும் இப்படி ஒரு சுருதியைச் செய்து தர முடியாது.

பொலெட்டருக்கு வெயில் செய்த வேலையை நம் பக்கம் ஈரமும் உப்பும் செய்கின்றன. பியானோவின் ஒலிப்பலகை குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ் மரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப் பருக்கும். அக்னி நட்சத்திரத்தில் சுருங்கி ரேகை ரேகையாக வெடிக்கும். கம்பி சுற்றிய இரும்பு முளைகள், வீணையின் பிரடை தளர்வதுபோல, மரத்தில் பிடி விடும். மரக்காணம் உப்பளக் காற்று கம்பியில் துருவேற்றும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்துதான் பிரிட்டிஷ் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்று பித்தளைத் திருகாணி போட்ட பியானோக்களைத் தனியாகச் செய்து அனுப்பின. சென்னையில் 1842இல் தொடங்கிய மிஸ்குவித் கம்பெனி, இன்றைய மியூசி மியூசிக்கல், அந்தக் காலத்துப் பியானோ வியாபாரத்தில் பெரிய பெயர். விழுப்புரம் மாதிரி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ரயில் சந்திப்புகளில், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனத்துக்கு ஒரு பியானோ வைப்பது வழக்கமாக இருந்தது. தேவாலயங்களில் கால் ஆர்மோனியம். அவற்றில் பல காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். அங்கே மந்தரக் கம்பியில் சுற்றிய செம்பை முதலில் உரிப்பார்கள், சட்டத்தை இரும்பு விலைக்கு எடை போடுவார்கள், மரம் அடுப்புக்கு. (பழைய கட்டைகளில் தந்தம் ஒட்டியிருந்தால் அதை விற்பது குற்றம், கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.)

ஈரத்தை வேண்டுமென்றே வரவழைத்தவரும் உண்டு. நெருப்பு வைத்த அதே லாக்வுட் 1972இல் டெக்சாஸின் அமரில்லோவில் ஒரு பியானோவைக் குட்டை நீரில் இறக்கினார். 2024 ஃபெஞ்சல் புயலில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் எந்த வீட்டிலாவது பியானோ நின்றிருந்தால், அமரில்லோவில் நடந்ததே இங்கேயும் நடந்திருக்கும், பதிவு செய்ய ஆளில்லாமல்.

தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். ஒரு மைக் போதாது. பஸ்ஸரில் இருக்கும் பீசோ தகடு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதை ஒலிப்பலகையின் பின்புறம் ஒட்டினால், காற்றில் வராத ஓசையெல்லாம், கரையான் அரித்த மரம் முனகுவது உட்பட, கேட்கும். இரண்டாவது மைக் அறையின் மறுகோடியில்: பியானோ எந்த வீட்டில் சாகிறது என்பதை அதுதான் சொல்லும். சிக்கல், முனகலுக்கும் கம்பி தெறிப்பதற்கும் இடையே உள்ள மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இப்போது வரும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் இரண்டையும் கெடுக்காமல் வாங்கிக்கொள்கின்றன. 96 கிலோ ஹெர்ட்ஸில் பதிந்து பாதி வேகத்தில் ஓட்டினால், ‘டிங்’ என்று தெறித்த கம்பி ஒரு ஸ்தாயி இறங்கி, அறுபடும் நேரம், சட்டம் அதிரும் நேரம் என்று தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

இன்னொன்று. கம்பிகளை அடக்கி வைக்கும் கம்பளித் துண்டுகளை அந்துப்பூச்சி தின்றுவிட்ட பியானோ கிடைத்தால் அது கொடுப்பினை. 230 கம்பிகளும் திறந்தே கிடக்கும். அறையில் யாராவது இருமினால் போதும், உள்ளேயிருந்து பதில் வரும். ஒரு கம்பி அறும்போது மற்ற அத்தனையும் சேர்ந்து அதிரும். இந்தக் கலையின் உச்சம் எனக்கு அதுதான்.

உங்கள் பள்ளியிலோ, சர்ச்சிலோ, தாத்தா வீட்டிலோ அப்படி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரருக்கு முன்னால் ஒரு டியூனரைக் கூப்பிடுங்கள். பிழைக்கும் என்றால் பிழைக்க வையுங்கள். பிழைக்காது என்று அவர் கைவிரித்தால், ரெக்கார்டரை ஓடவிட்டு, அவரையே கம்பிகளின் முறுக்கை இறக்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கமாக இல்லாமல், சுற்றுச் சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கம்பியை வெட்டவே கூடாது. சட்டத்தில் பொறித்த கம்பெனிப் பெயரையும் எண்ணையும் பதிவின் தொடக்கத்தில் வாய்விட்டுப் படித்துவிடுங்கள். கோடரி எடுக்க வேண்டிய வேலையே இல்லை.