வேலை செய்யாத ஸ்விட்ச்

கனவைப் பற்றிய சினிமா என்றதும் பலருக்கும் 'இன்செப்ஷன்' (2010) தான் ஞாபகம் வரும். எனக்கு அதில் ஒரு மனக்குறை. அது கனவென்று தெரிந்துதான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். ஆனால் அரியாட்னி பாரிஸ் நகரத்தை மடக்கும் காட்சியைத் தாண்டினால், யார் முகத்திலும் அந்தக் குதூகலம் இல்லை. எல்லோரும் டியூட்டியில் இருக்கிறார்கள்.

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'வேக்கிங் லைஃப்' (2001) அதற்கு ஒன்பது வருடம் முன்னால் வந்தது. நிஜ மனிதர்களை டிஜிட்டல் கேமராவில் எடுத்து, அதன்மேல் கம்ப்யூட்டரில் வரைந்திருக்கிறார்கள். சுவர் அலைகிறது, முகம் நழுவுகிறது. ஏதோ சரியில்லை என்று நமக்கு உடனே தெரிந்துவிடும். நாயகனுக்குத் தெரியத்தான் நேரமாகிறது.

அவனுக்கு ஒருத்தர் வழி சொல்கிறார்: லைட் ஸ்விட்சைப் போட்டுப் பார், கனவில் வெளிச்சம் மாறாது. இது கதைக்காகச் செய்த கற்பனை இல்லை. லூசிட் கனவு பழகுகிறவர்கள் பகலெல்லாம் ஸ்விட்சையும் கடிகாரத்தையும் சோதிப்பார்கள். அந்தப் பழக்கம் ஒருநாள் கனவுக்குள்ளும் தொற்றிக்கொள்ளும். அப்படிக் கனவிலேயே விழித்துக்கொண்ட ஆலன் வொர்ஸ்லி, தூங்கியபடியே அனுப்பிய கண்ணசைவு சிக்னலை 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பதிவு செய்தார். கனவு காணும்போது உடம்பு செயலற்றுக் கிடந்தாலும் கண் அசையும் அல்லவா, அதுதான் வழி.

நானும் சில மாதம் பழகினேன். ஒரு விடியற்காலை ஸ்விட்சைத் தட்டினேன், டியூப்லைட் அணையவில்லை. பறக்கலாம் என்றுதான் எல்லோரும் ஆசை காட்டுவார்கள். எனக்கோ சுவரின் சொரசொரப்பைத் தடவிக்கொண்டே நிற்கத் தோன்றியது. இவ்வளவு துல்லியமாக இதைச் செய்தது நானேதானா? அந்த வியப்புக்காகவே ஜனங்கள் மறுபடி மறுபடி முயல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

லிங்க்லேட்டர் பிடித்திருப்பது இதைத்தான். அவன் நாயகன் சாகசம் எதுவும் செய்வதில்லை. எதிர்ப்படுகிறவர்கள் பேசுவதைக் கேட்கிறான். நடுவில் சில பேச்சுகள் வகுப்பறை மாதிரி நீள்வது உண்மை. ஆனால் பிற்பாதியில் படம் திரும்புகிறது: கனவென்று தெரிகிறது, விழிக்க முடியவில்லை. விழித்தால் அதுவும் கனவு. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் சரிபண்ணிவிடலாம் என்பது என் தொழிலின் நம்பிக்கை. ஸ்விட்ச் மறுபடியும் வேலை செய்யாதபோது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் கார் கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறான், கால்கள் தரையைவிட்டு எழும்புகின்றன. கடைசியில் வளர்ந்தவன் அதே மாதிரிக் கைப்பிடிக்குக் கை நீட்டுகிறான். எட்டவில்லை. மேலே போய்க்கொண்டே இருக்கிறான்.