முன்பாதி ஜாம்ஷெட்பூர், பின்பாதி நாமக்கல்

குடுபல்லி, சித்தூர் மாவட்டத்தின் ஒரு மூலை. ஒருபக்கம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், இன்னொரு பக்கம் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம். தெலுங்கில் விலை பேசி, தமிழில் திட்டி, கன்னடத்தில் டீ கேட்கிறவர்கள் நடமாடும் எல்லை. மூன்று மொழியிலும் லாரிக்குப் பெயர் லாரிதான். குப்பம் கிரானைட்டும் தக்காளியும் ஏறிப்போகும் இந்தச் சாலைகளில் மூக்கு நீண்ட பழைய டாட்டா ஒன்று எதிர்ப்பட்டால், ரசிகர் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று பார்ப்பது நல்லது.

1954-ல் டாட்டாவின் டெல்கோ நிறுவனமும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கின. 1969-ல் உறவு முடிந்தது. முகப்பில் இருந்த மூன்றுமுனை நட்சத்திரம் போய், வட்டத்துக்குள் ‘டி’ எழுத்து வந்தது. டீக்கடை அதைச் சட்டையே செய்யவில்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் அது ‘டாட்டா பென்ஸ்’தான். 1210 என்ற மாடல் பெயரிலும் ஜெர்மன் கணக்கு ஒளிந்திருந்தது: சரக்கோடு சேர்த்து 12 டன், எஞ்சினுக்குச் சுமார் 100 குதிரைத்திறன். எண்ணூரில் பிறந்த லேலண்ட் காமெட்தான் உசத்தி என்போர் தனிக் கட்சி. அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஆனால் கம்பெனி கொடுத்தது பாதி லாரிதான். சேஸிஸ், எஞ்சின், சக்கரம், மூக்கு, அவ்வளவே. ஓட்டுநருக்குத் தலைக்கு மேல் வானம். தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலும் புழுதியும் வாங்கியபடி அதை நாமக்கல் போன்ற ஊர்களின் பாடி கட்டும் பட்டறைகளுக்கு ஓட்டி வருவார்கள். அங்கே ஆசாரி, வெல்டர், பெயின்டர் என்று ஒவ்வொருவராகக் கைவைத்தபின்தான் அது வண்டியானது. ஒரே மாடல் சேஸிஸில் கட்டிய இரண்டு லாரிகள் ஒரே முகத்தோடு வெளியே வராததற்கு இதுதான் காரணம். கண்ணாடிக்கு மேல் நெற்றியை எவ்வளவு தூக்குவது, தலைமேல் கேரியரை எப்படி வளைப்பது என்பதெல்லாம் பட்டறையின் கைப்பழக்கம், கொஞ்சம் முதலாளியின் ஆசை.

1975-ல் நேஷனல் பர்மிட் வந்தது. காய்ந்த சருகின் பழுப்பு, அகலமான வெள்ளைக் கரை, இருபுறமும் 60 செ.மீ. வட்டத்துக்குள் பர்மிட் எழுத்து என்று நிறத்தையும் விதி சொன்னது. விதி தொடாத இடமெல்லாம் பெயின்டருடையது: தாமரை, மயில், குலசாமி பெயர், பிள்ளைகளின் பெயர், பின்பலகையில் ‘ஒலி எழுப்புக’. பூசை காணிப்பாக்கம் விநாயகருக்கு. திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும்.

ஓட்டுவதும் ஒரு கலைதான், ஆனால் கொடுமையான கலை. அந்தப் பழைய எஞ்சினுக்குக் குளிர்காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். கியருக்கு டபுள் கிளட்ச். பவர் ஸ்டியரிங் கிடையாது. பலமனேர் பக்கம் மொகிலி மலைப்பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் தோள் வேலை செய்யும். மூக்கைச் சுருக்கிய 1210 எஸ்.இ. மாடலிலோ எஞ்சினில் பாதி கேபினுக்குள்ளேயே வந்துவிடும், அதன் சூடும்தான். 2025 அக்டோபர் 1 முதல் புதிய நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். அதைக் குறை சொல்கிற ரசனையாளர் ஒரு மே மாதம் எஸ்.இ.யில் சென்னைவரை போய்வரட்டும்.

பிரிவு ஒரே நாளில் வருவதில்லை. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று; ஒவ்வொரு முறையும் பெயின்ட், பிரேக், விளக்கு, பசுமை வரி. வாடகை நவீன வண்டிகளுக்குப் போய்விடும்; பழையது ஊருக்குள் செங்கல், மணல் நடைக்குச் சுருங்கும். சித்தூரின் ‘ஏபி 03’ எண்பலகையே இப்போது வயதைக் காட்டிக்கொடுக்கிறது. 2019-ல் ஆந்திரம் முழுக்கப் புது வண்டிகளுக்கு ‘ஏபி 39’ என்ற ஒரே வரிசை வந்துவிட்டது.

வின்டேஜ் என்று பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 2021-ல் மத்திய அரசு அதற்கு விதி செய்தது: 50 வயது தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது, வாடகைக்கு ஓடக் கூடாது, இருசக்கர அல்லது நான்குசக்கர வண்டியாக இருக்க வேண்டும். லாரிக்கோ தரையில் ஆறு சக்கரம். அதோடு எது மூல வடிவம்? ஜாம்ஷெட்பூரில் தலையில்லாமல் நின்றதா, நாமக்கல்லில் தலை முளைத்ததா? கோவை ஜீடி அருங்காட்சியகத்தில் கார்களைப் பளபளவென்று காக்கிறார்கள். உழைத்த லாரிக்கு அப்படி ஒரு கூரை அரிது.

ஆகவே காயலான் கடை. ‘பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்று கிண்டல் செய்தாலும் கியர்பாக்ஸும் அச்சும் முதலில் தனியாக விலைபோகும்; ரேடியேட்டரின் செம்புக்கு எப்போதும் ஆள் உண்டு. மரமும் தகடும் கழன்றபின், பட்டறைக்கு வந்த நாளில் இருந்ததுபோல் வண்டி மறுபடி வெறும் சேஸிஸாக நிற்கும். பிறகு கேஸ் கட்டிங். பதிவுபெற்ற உடைப்பு நிலையம் என்றால் சேஸிஸ் எண் பொறித்த இரும்புத் துண்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.