சிட்டுக்குருவி குறைந்துவிட்டதா? – ஓர் அறிக்கையும் நம் ஊரும்

வண்ணார்பேட்டையில் முதியவர் ஒருவரைக் கேளுங்கள். "முன்பெல்லாம் வீட்டுக்குள்ளேயே சிட்டுக்குருவி கூடு கட்டும், இப்போது எங்கே?" என்பார். நினைவு பொய்யன்று; ஆனால் அது கணக்கும் அன்று. அந்தக் கணக்கைப் போட முயன்ற 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கையைச் சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம்.

13 நிறுவனங்கள் இணைந்து 2023 ஆகஸ்டில் இதை வெளியிட்டன. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிக் குறிப்புகளே இதற்கு அடிப்படை. ஆராயப்பட்ட இனங்கள் 942. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 மட்டுமே. அவற்றுள் 204 குறைந்துள்ளன, 98 நிலையாக உள்ளன, 36 பெருகியுள்ளன. மயில் பெருகியிருக்கிறது, பட்டுப்போன பனைமரப் பொந்துகளில் கூடு கட்டும் பனங்காடை குறைந்திருக்கிறது.

பறவைகளை எல்லாம் எண்ண முடியுமா? முடியாது. ஆகவே, நூறு பட்டியல்களில் ஒரு பறவை எத்தனையில் இடம்பெறுகிறது என்று பார்த்தார்கள். பார்ப்பவர் தொகை பெருகியதாலேயே பறவையும் பெருகியதாகத் தோன்றும் பிழையை இம்முறை பெரிதும் தவிர்க்கிறது. இது பாராட்டத்தக்கது.

குறை எங்கே? 2000-க்கு முற்பட்ட பட்டியல்கள் மிகச் சில. அவற்றையே ஒன்றாகச் சேர்த்துத் தொடக்கக் கோடாகக் கொண்டிருக்கிறார்கள். கோடு மங்கலாக இருந்தால் அளவும் மங்கலாகத்தானே இருக்கும்? மேலும், நாடு தழுவிய சராசரி உள்ளூர் உண்மையை மறைத்துவிடும். இதே வரிசையில் 2020-இல் வந்த முதல் அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில் குறைந்துள்ளதாகவும் கூறியது. செல்பேசிக் கோபுரமே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் சொன்னது. ஆனால் வண்ணார்பேட்டை பெருநகரமும் அன்று, கிராமமும் அன்று. நம் முதியவரின் கேள்விக்கு அதில் விடை இல்லை.

தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கு ஓரளவு விடை உண்டு. 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் அங்கே நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். தெருக் குருவிக்கோ அப்படி ஏதும் இல்லை.

அந்தக் குறையை யார் தீர்ப்பது? நீங்கள்தாம்! வாரம் ஒருநாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கால்மணி நேரம் நின்று பாருங்கள். கண்ட பறவைகளையெல்லாம் தேதியுடன் எழுதுங்கள். எழுதியதை அந்தப் பொதுப் பதிவேட்டில் சேருங்கள். குருவி வராத நாளையும் விடாமல் எழுதுங்கள். அதுவும் ஒரு செய்தியே. இருபது ஆண்டுகள் கழித்து வரும் அறிக்கைக்கு அதுவே தெளிவான தொடக்கக் கோடாகும்.