ஞானஸ்நானத் தொட்டியருகே தந்தையும் மகனும்

இடைக்காலப் பிரான்சில் பாடப்பெற்ற போர்க்காவியங்களுள் 'ஃபியராப்ரா' ஒன்று. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இது 6,000க்கும் மேற்பட்ட அடிகளை உடையது. மாமன்னர் சார்லமேனின் புகழைப் பாடும் இக்காவியம், அவரை எதிர்த்து வந்த சாரசேன வீரன் ஒருவனின் பெயரையே தாங்கி நிற்கிறது. இஸ்லாமியரை அக்கால ஐரோப்பியர் சாரசேனர் என்றழைத்தனர். இறையியல் கற்போருக்குப் போர்க்கதையில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். மனந்திரும்புதல் யாது, ஞானஸ்நானம் எவ்வாறு கொடுக்கப்படத்தக்கது எனும் வினாக்களை இக்காவியம் தன்னை அறியாமலே எழுப்புகிறது என்பதே நமது விடை.

ஸ்பானிய நாட்டை ஆளும் பலான் என்னும் சாரசேன அரசன் ரோமாபுரியைச் சூறையாடி, ஆண்டவரின் பாடுகளுக்குரியவையெனப் போற்றப்பட்ட முள்முடியையும் ஆணிகளையும் கவர்ந்து செல்கிறான். அவனுடைய மகனே ஃபியராப்ரா, 15 அடி உயரமுள்ளவன், அலெக்சாந்திரியாவின் அரசன். அவன் பிரெஞ்சு வீரரைத் தனிப்போருக்கு அறைகூவுகிறான். முன்னரே காயமுற்றிருந்த ஒலிவியே அவனை எதிர்கொள்கிறான். கடும்போருக்குப்பின் தோல்வியுற்ற ஃபியராப்ரா, தனக்கு ஞானஸ்நானம் வேண்டுமெனத் தானே கேட்கிறான். ஃப்ளோரான் எனும் புதுப்பெயரும் பெறுகிறான்.

இப்போரின் தொடக்கத்தில் நிகழும் ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்கவேண்டும். இயேசுவின் திருவுடலுக்குப் பூசப்பட்டதாகக் கருதப்பட்ட தைலம் ஃபியராப்ராவிடம் இரு சிறு பீப்பாய்களில் இருந்தது. அதைப் பருகுவோரின் காயங்கள் உடனே ஆறும். எதிரியின் உடலில் குருதி வடிவதைக் கண்ட அவன், அத்தைலத்தை அருந்திப் போருக்கு வருமாறு அழைக்கிறான். ஒலிவியேவோ, வாளால் வென்றாலன்றி அதனைத் தொடேன் என மறுக்கிறான். பகைவனின் காயத்தை ஆற்ற முன்வரும் செயலைக் கவிஞர் ஞானஸ்நானம் பெறாதவனுக்கே அளித்துள்ளார். நல்ல சமாரியன் உவமையைக் கற்ற நமக்கு இது புதிதன்று. எனினும் சிலுவைப்போர்க் காலப் பாடல் ஒன்றில் இதனைக் காண்பது வியப்பே.

காவியத்தின் இறுதியில் மற்றொரு ஞானஸ்நானம் ஆயத்தமாகிறது. சிறைப்பட்ட பலான் தொட்டியருகே கொண்டுவரப்படுகிறான். தந்தை இணங்கவேண்டுமென மகன் மன்றாடுகிறான். பலானோ தொட்டியில் உமிழ்கிறான். சடங்கு நடத்தும் பேராயரையும் அடிக்கிறான். அவனுடைய மகள் ஃப்ளோரிபா, பிரெஞ்சு வீரன் ஒருவன்மேல் கொண்ட காதலால் கட்சி மாறியவள். தந்தையைக் கொல்லத் தாமதம் ஏன் என்கிறாள். ஃபியராப்ரா அவளைக் கடிந்து மீண்டும் தந்தையிடம் கெஞ்சுகிறான். பயனில்லை, பலான் கொல்லப்படுகிறான். கதை தயக்கமின்றித் திருமணத்துக்கும் முடிசூட்டுக்கும் விரைகிறது.

நாம் அவ்வாறு விரைய இயலாது. தொட்டி ஒன்றே, ஆயினும் மகன் தன் வாயால் கேட்டு வந்தான், தந்தை வாள்முனையில் நிறுத்தப்பட்டான். மகனது மாற்றமும் தோல்விக்குப் பின்னரே வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அவனிடம் வேண்டுகோள் இருந்தது. பலானிடம் கேட்கப்பட்டதோ உயிருக்கான விலை. இல்லை என்று சொல்ல இடமில்லாத இடத்தில் ஆம் என்பதற்குப் பொருள் ஏது?

அக்காலத்தை இக்கால அளவுகோலால் அளப்பது முறையோ எனக் கேட்கலாம். அளவுகோல் அக்காலத்திலேயே இருந்தது. வரலாற்றுச் சார்லமேன் ஏறத்தாழ 785இல் சாக்சோனியருக்கு விதித்த சட்டம் ஞானஸ்நானத்தை மறுப்போருக்கு மரண தண்டனை கூறியது. அவருடைய அவையைச் சார்ந்த அறிஞர் அல்குயினோ, விசுவாசம் மனமுவந்து ஏற்பது, வற்புறுத்தலால் வருவதன்று என 796இல் எழுதினார். இக்காவியம் தோன்றுவதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே திருச்சபைக்குள் இக்குரல் ஒலித்துவிட்டது. அது கவிஞரின் செவிக்கு எட்டவில்லை. ஆனால் ஃபியராப்ராவின் மன்றாட்டில் அதன் எதிரொலி கேட்கிறது.

மற்றொரு குறையையும் சொல்லியாகவேண்டும். ஒரே கடவுளையே வணங்கும் இஸ்லாமியரை, முகமது, அப்பொல்லின், தெர்வகான் எனும் சிலைகளைத் தொழுவோராக இக்காவியங்கள் காட்டுகின்றன. இது அறியாமை என்று மட்டும் கூறி அமைய இயலுமா? பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளை கவிஞருக்கும் உரியதன்றோ?

1478இல் ஜெனீவாவில் உரைநடையாக அச்சேறிய ஃபியராப்ராவின் கதை ஐரோப்பா எங்கும் பரவியது. சார்லமேன் கதைகள் நம் கரைக்கும் வந்துள்ளன. கேரளக் கத்தோலிக்கர் நடிக்கும் சவிட்டு நாடகங்களுள் 'காறல்மான் சரிதம்' அவரைப் பற்றியதே. தமிழ் கலந்த மொழியிலமைந்த அதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. ஆகவே இக்கதைகளை அயலாருடையவை என ஒதுக்குதல் நமக்குத் தகாது.

பிற சமயத்தாரிடையே வாழ்ந்து நற்செய்தி பகரும் நாம் இக்காவியத்தில் யாருடைய பக்கம் நிற்கிறோம்? அவசரப்படுத்தும் மகளின் பக்கமோ, கெஞ்சும் மகனின் பக்கமோ? மகன் கெஞ்சினான், தந்தை மறுத்தான், அவன் மீண்டும் கெஞ்சினான். ஊழியருக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் அதுவரைதான். அதற்கு அப்பால் வாளை எடுத்தவன் எவனாயினும், அவன் கிறிஸ்துவின் பெயரால் எடுக்கவில்லை.